மூன்று நாள் மூக்கைச் சுளிக்காமல்

ஹோட்டலில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் அவளுடைய மேற்பார்வையில் அறை சுத்தம் செய்யும் ஊழியர்கள். அவள் காதில் விழும்படியேதான் சொல்வார்கள். அவளும் கேளாதது போல இருந்துவிடுவாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் சலவை அறைக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். "கை நீட்டு" என்பாள். விரல்கள் நீளும். யாருடைய நகத்துக்குள்ளாவது கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால், சட்டைப் பையிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுத்துத் தானே தேய்த்துவிடுவாள். திட்டமாட்டாள். இதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று அவர்கள் நினைக்கும்படி தேய்ப்பாள். அப்புறம் மாடி மாடியாக ஏறி, படுக்கை விரிப்பை மோந்து பார்த்து, தண்ணீர்க் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குளியலறை வடிகாலைக் குனிந்து பார்த்து, கதவுக்குப் பின்னால் விரலை ஓட்டி, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

மனிதர்கள் தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் என்னென்ன செய்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். திரைச்சீலையில் மூக்கைத் துடைப்பார்கள். டீ போடும் கெட்டிலில் சாக்ஸ் துவைப்பார்கள். ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர் மெத்தையைச் சகிக்க முடியாதபடி அசிங்கம் செய்துவிட்டு, 'வரும்போதே இப்படித்தான் இருந்தது, உங்கள் ஆள் மாற்றவில்லை' என்று கூசாமல் சொன்னார். மேனேஜர் அந்த ஊழியரை வெளியே அனுப்பப் பார்த்தார். இவள்தான் குறுக்கே நின்றாள். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, "மெத்தையை நான் மாத்திக்கிறேன் சார், உங்க வாயைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். வேலை போகாமல் தப்பியது அதிர்ஷ்டம். இத்தனையும் பார்த்த பிறகு மனிதர்களைப் பிடித்துப்போவது கொஞ்சம் கஷ்டம்.

அவளைச் சகித்துக்கொண்டவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஆபத்து வருகிறது என்றால் அவருடைய வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். வீட்டிலும் அப்படித்தான். மனைவி விருந்தாளியிடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள் என்று தெரிந்ததுமே சோபாவுக்கு அடியில் அவர் கால் தரையை அழுத்தும். ஒரு நாளும் வண்டி நின்றதில்லை.

நிற்காததால் வந்த வினைதான் அந்த நாற்காலி விவகாரம். ஒரே மகன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். தனக்குப் பிடித்த பெண் ஒருத்தியை இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்கு அழைத்து வந்தான். பெண் சாப்பிட்டாள், சிரித்தாள், எழுந்தாள். எழுந்த கையோடு இவள் ஈரத் துணியை எடுத்து அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்தாள். வேண்டுமென்று இல்லை. கை பழக்கம். பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டாள். அதோடு சரி, மறுபடி வரவில்லை. மகன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அவன் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டான். அது கோபமா பழக்கமா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது வேறு ஒரு பெண். கால்நடை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அப்பா டயர் கடைக்காரர். இரண்டு குடும்பமும் சேர்ந்து மூன்று நாள் படகு வீட்டில் தங்கினால் மனசு விட்டுப் பேசலாம் என்று யோசனை சொன்னவர், வீட்டுக்காரரின் பால்ய சிநேகிதரான போட்டோ ஸ்டுடியோக்காரர். யோசனை சொன்னதோடு நிற்காமல் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். மகன் மட்டும் அம்மாவைச் சமையலறையில் தனியாகப் பிடித்தான்.

"அம்மா, மூணு நாள். மூக்கைச் சுளிக்காதே. வேற ஒண்ணும் வேண்டாம்."

"நான் எப்ப சுளிச்சேன்?"

"இப்பவே சுளிக்கிற."

கண்ணாடியில் பார்த்தாள். சுளித்துத்தான் இருந்தது.

படகு வீடு ஏரித் துறையில் பளபளவென்று நின்றது. வெளியே பளபளவென்று இருப்பதைக் கண்டால் அவளுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஏறுவதற்குப் போட்டிருந்த பலகை ஆடியது. அந்தப் பெண் முன்னால் ஏறி நின்று, "பிடிச்சுக்கோங்க ஆன்ட்டி" என்று கையை நீட்டினாள். இவள் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஏறியதும் நேரே குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். காலையில் அந்தக் கை எந்த நாயின் காதுக்குள் போயிருந்ததோ.

கழுவிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தாள். உலக வரைபடத்தில் உள்ள எல்லாக் கண்டங்களும் தலையணையில் மஞ்சளாகப் படிந்திருந்தன. மெத்தையை அழுத்தினால் ஈரம். சோப்பில் ஒரு சுருட்டை முடி. துண்டை மோந்து பார்த்துவிட்டு இரண்டு விரலால் பிடித்து மூலையில் போட்டாள். இவள் இந்த ஆராய்ச்சியில் இருந்த நேரத்தில்தான் வெளியே படகுக்காரர் எல்லாரையும் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பாத்ரூமுக்கும் கீழ ஒரே டேங்க்தான். அதுல கிருமி வளர்க்கிறோம். போறதையெல்லாம் அது தின்னு கரைச்சிடும், நாத்தம் வராது. தண்ணியைத் தவிர எதையும் ஊத்தாதீங்க. கிருமி செத்துச்சுன்னா நாம செத்தோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்டது.

முதல் நாள் சாப்பாடு ஒரு சோதனை. டயர் கடைக்காரர் நல்ல மனிதர், வாய் நிறையப் பேசுகிறவர், பார்த்த நிமிஷத்திலிருந்தே அவளைச் "சம்பந்தியம்மா" என்று கூப்பிட்டவர். ஆனால் அவருடைய நகங்கள். பத்து விரலிலும் கறுப்பு. எத்தனை வருஷத்து டயரோ அங்கே குடியிருந்தது. அந்த விரல்களால் மீனை எடுத்து அவள் மகனின் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க மாப்ளே." மகன் சாப்பிட்டான். அவருடைய மனைவியோ கரண்டியால் சூப்பை எடுத்து, உறிஞ்சிப் பார்த்து, "உப்பு சரியா இருக்கு" என்று சொல்லி, அதே கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுக் கலக்கினாள். மேஜைக்கு அடியில் வீட்டுக்காரரின் கால் இவள் காலை அழுத்தியது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சூப்பைக் குடித்தாள். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

மத்தியானம் படகு பாசிக்குள் சிக்கிக்கொண்டது. என்ஜினில் கொடி சுற்றி, நகராமல் நின்ற இடம் செத்த மீன்கள் மிதக்கும் மூலை. படகுக்காரர் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்கிக் கொடியை அறுத்துக்கொண்டிருக்க, மேல்தளத்தில் டயர் கடைக்காரர் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்ட ஆரம்பித்தார். ஒரு துண்டு பறந்து வந்து இவளுடைய டீ குவளைக்குப் பக்கத்தில் விழுந்தது. ஸ்டுடியோக்காரர் சரியாக அப்போது பார்த்து, "சிரிங்க" என்று படம் எடுத்தார். அந்தப் படத்தில் அவள் சிரித்தபடிதான் இருக்கிறாள். அழுகிறவர்கள் கூட அதைவிட நன்றாகச் சிரிப்பார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. மூக்கைச் சுளிக்கக் கூடாது என்றுதானே சொன்னான், கையைக் கட்டச் சொல்லவில்லையே. பெட்டியின் அடியில் ஷாம்பு பாட்டிலில் மறைத்து ஹோட்டலின் கிருமிநாசினியைக் கொண்டு வந்திருந்தாள். தண்ணீர் கலக்காத அசல் சரக்கு. ஹோட்டலில் ஒரு மூடி ஊற்றினால் ஒரு மாடிக்கே போதும். இங்கே டயர் கடைக்காரர் வேறு, முதல் நாள் மீன் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கலங்கி, அடிக்கடி குளியலறைக்குள் போய் வந்துகொண்டிருந்தார். அவர் வெளியே வரும்போதெல்லாம் இவள் சத்தமில்லாமல் உள்ளே போனாள். ஊற்றினாள், தேய்த்தாள், மூச்சு விட்டாள். சாயங்காலத்துக்குள் பாட்டில் முக்கால்வாசி காலி. முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் பெண்ணின் அம்மாவோடு நாலு வார்த்தை தானாகவே பேசினாள். மகன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அதைவிட முக்கியம், மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அதைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலை. எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டயர் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே குடகுடவென்று ஒரு சத்தம். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார். அவருக்குப் பின்னால் அதுவும் வந்தது.

கறுப்பும் பழுப்புமாக நுரைத்துக்கொண்டு, குளியலறை வடிகாலிலிருந்து பொங்கி, வாசற்படி தாண்டி நடைபாதையில் இறங்கியது. நாற்றம் முகத்தில் அறைந்தது. பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினாள். வீட்டுக்காரரின் கால் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. டயர் கடைக்காரர் முழங்கால் வரை நனைந்து, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணே," என்றார் ஸ்டுடியோக்காரர், மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே. "கல்யாணத்துக்கு முன்னாடியே படகையே முழுக வச்சிடுவீங்க போலிருக்கே. நேத்திலேர்ந்து நீங்க போன வேகத்தைப் பாத்தப்பவே நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் டயர் கடைக்காரரைக் கொன்றது.

படகுக்காரர் பின்பக்கம் ஓடிப்போய் டேங்க் மூடியைத் திறந்தார். திறந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். "கிருமி செத்துப்போச்சு போல. எல்லாம் நுரைச்சுப் பொங்கி நிக்குது. யாராவது எதையாவது ஊத்துனீங்களா? அன்னைக்கே சொன்னேனே, தண்ணியைத் தவிர ஒண்ணும் ஆகாதுன்னு."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. வாயைத் திறந்தாள். மகனைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"யாரும் ஒண்ணும் ஊத்தல," என்றார் டயர் கடைக்காரர். "எனக்குத்தான் வயிறு சரியில்ல. நேத்து முழுக்க நான்தான் போயிட்டிருந்தேன். என்னாலதான் ஆச்சு. வாளி கொடுங்க."

துறைக்குப் போனால்தான் டேங்கை உறிஞ்ச வண்டி வரும். அதுவரை பொங்குவது நிற்க வேண்டுமென்றால் மேலே உள்ளதை அள்ளிப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். டயர் கடைக்காரர் குந்தி உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தார். மகன் இன்னொரு வாளியோடு பக்கத்தில் போனான். அவர் அவன் கையைத் தொடாமல், முழங்கையால் தள்ளினார்.

"நீங்க தொடாதீங்க மாப்ளே. இது நான் பண்ணினது." இவளை நிமிர்ந்து பார்க்காமலே, "மன்னிச்சிடுங்க மேடம்" என்றார்.

சம்பந்தியம்மா போய் மேடம் வந்துவிட்டது. மானம் கப்பலேறும் என்பார்களே, அந்த மனிதருடையது வாளி வாளியாக ஏறிக்கொண்டிருந்தது.

மகன் குளியலறை வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தான். கிருமிநாசினியின் நெடி, பிறந்ததிலிருந்து அவன் வளர்ந்த வாசனை. எந்த நாற்றத்துக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் அவனுக்குத் தெரியாமல் போகுமா? திரும்பி அம்மாவைப் பார்த்தான். நேரே வந்து அவளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"எவ்வளவு ஊத்தின?"

அவள் பாட்டிலைக் காட்டினாள்.

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "சரி. நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அவருக்கு ஒரு நாள் வெக்கம், நாளைக்கு மறந்துடுவாரு. நீதான்னு தெரிஞ்சா ஏன் ஊத்தினன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவ? இந்தத் தடவையும் போச்சுன்னா என்னால முடியாதும்மா."

அவன் போய்விட்டான். அவள் ஈர மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஈரம் ஞாபகம் வந்தது. எழுந்திருக்கவில்லை.

ஜன்னல் வழியாக டயர் கடைக்காரரின் முதுகு தெரிந்தது. அள்ளுகிறார், ஊற்றுகிறார், ஓரமாகப் போய்க் குமட்டுகிறார், வந்து மறுபடி அள்ளுகிறார். எல்லாவற்றையும் விட அவள் சகிக்காதது ஒன்று உண்டு. மெத்தையை அசிங்கம் செய்துவிட்டு ஊழியரைக் கைகாட்டிய அந்தப் பெரிய மனிதரின் முகம். சவரம் செய்து, சென்ட் பூசி, கசங்காத சட்டையோடு நின்ற முகம். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த அசிங்கங்களிலேயே அதுதான் பெரிய அசிங்கம். இப்போது அந்த முகத்தைத் தன் கழுத்தின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியதும் அவளுக்கு உண்மையாகவே குமட்டியது. தன் பிள்ளையும் அதே முகத்தை மாட்டிக்கொள்ளப் பார்க்கிறானே, அதுவும் தன்னால்தானே என்று நினைத்தபோது உட்கார முடியவில்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வழியில் வீட்டுக்காரர் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அவருடைய கால் அசையவே இல்லை. ஒதுங்கி வழி விட்டார்.

"அள்ளாதீங்க," என்றாள் டயர் கடைக்காரரிடம். "இது உங்களால ஆனது இல்ல. நான் மருந்து ஊத்தினேன். நேத்து முழுக்க."

அவர் வாளியோடு அப்படியே நின்றார். "அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்ல."

அவர் வாளியை வைத்தார். முதலில் முகத்தில் நிம்மதி வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது. "என்னை இவ்வளவு நேரம் அள்ள விட்டீங்களே. உள்ள உக்காந்து பாத்துட்டுதானே இருந்தீங்க."

"பாத்துட்டுதான் இருந்தேன்."

மேல்தளத்திலிருந்து பெண்ணின் அம்மா இறங்கி வந்திருந்தாள். "எதுக்கு ஊத்துனீங்க? என் வீட்டுக்காரர் உக்காந்த இடத்துல உக்கார அருவருப்பு. அதானே?"

மகன் கண்ணை மூடிக்கொண்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழக்கம், ஹோட்டல் வேலை, ஏதாவது ஒன்று. அவளுக்கு அது தெரியாமலில்லை.

"ஆமா," என்றாள். "அவர் நகம் எனக்கு அருவருப்பு. நீங்க ருசி பாத்த கரண்டி அருவருப்பு. இந்தப் படகு, தலையணை, எல்லாமே. என்னை அப்படிப் பழக்கிட்டேன், மாத்த வரல. ஆனா செஞ்சது நான், அள்ளினது நீங்க. அதுதான் எல்லாத்தையும் விட அசிங்கம்."

ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கீழே வைத்தார்.

அந்தப் பெண் முன்னால் வந்தாள். இவளைப் பார்த்துச் சொன்னாள். "முதல் நாள் என் கையைப் பிடிச்சு ஏறினீங்க. உடனே போய்க் கழுவுனீங்க. நான் பாத்தேன்."

"கழுவினேன்," என்றாள் இவள்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டயர் கடைக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் குந்தி, வாளியை உள்ளே விட்டாள். கையுறை இல்லை. சூடாக இருந்தது அது. விரல் இடுக்கில் நுழைந்தது. அவள் திரும்பி ஏரிக்குள் வாந்தி எடுத்தாள், வாயைத் தோளில் துடைத்துக்கொண்டாள், மறுபடி அள்ளினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. அழுகையா நாற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவது வாளியை யாரோ வாங்கிப் பீப்பாயில் ஊற்றினார்கள். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண். நாய்க்குச் சீழ் எடுக்கிறவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாளோ, அப்படி வைத்துக்கொண்டிருந்தாள். இவள் அள்ள, அவள் ஊற்ற, நுரை இறங்கும் வரை இரண்டு பேரும் நிமிரவில்லை. டயர் கடைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, "மெதுவா, மெதுவா, தெறிக்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படகு துறையைப் பார்த்துத் திரும்பியது. பின்பக்கக் குழாயடியில் இருவரும் கை கழுவினார்கள். சோப்பைப் போட்டு, முழங்கை வரை, ஒருமுறை, இன்னொருமுறை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மகன் கொஞ்ச தூரத்தில் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரவில்லை.

பெண் தண்ணீரை உதறிவிட்டுப் போகத் திரும்பினாள். அவ்வளவுதான், முடிந்தது என்று இவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் பாழாய்ப்போன கண் பார்த்துவிட்டது. வாய் சொல்லியும்விட்டது.

"நகத்துக்குள்ள இன்னும் இருக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தூரத்தில் வீட்டுக்காரர் பிரேக் போட்டது இங்கே வரை கேட்டது.

பெண் தன் விரல்களைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு கோடு, அப்பாவுடையதைப் போலவே. பிறகு திரும்பி வந்து, பத்து விரலையும் இவள் முன்னால் நீட்டினாள்.

"நீங்களே எடுத்துவிடுங்க அத்தை."

இவள் ஈரக் கையால் சட்டைப் பையைத் துழாவி பிரஷ்ஷை எடுத்தாள். முதல் விரலைப் பிடித்தாள். ஹோட்டலில் யாருக்கும் இவ்வளவு மெதுவாகத் தேய்த்ததில்லை.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. மகன் உட்கார்ந்துவிட்டான்.